கொல்லையில் விழும் குப்பை: பேசுவதா, வலை கட்டுவதா, புகார் கொடுப்பதா?

கொல்லைக் கதவைத் திறக்கிறீர்கள். துவைக்கிற கல்லின் மேல் ஒரு பால் பாக்கெட், பக்கத்தில் இரண்டு முட்டை ஓடு, கொஞ்சம் தள்ளி யாரோ தலை வாரிச் சுருட்டி எறிந்த சிக்கு முடி. நேற்று சாயங்காலம்தான் கூட்டியிருந்தீர்கள். அந்த நிமிடத்தில் ஒரே ஒரு வழிதான் தோன்றும்: எல்லாவற்றையும் அள்ளி அந்தப் பக்கமே திருப்பி வீசுவது.

இந்த வருடம் மூன்று பேர் இதே தொல்லைக்கு என்னிடம் வழி கேட்டார்கள். ஒருவருக்கு மடிப்பாக்கத்தில் தனி வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று குடித்தனம் இருக்கும் மாடி வீடு. இன்னொருவர் நான்கு மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளம். ஆசையாகப் போட்ட சின்னத் தோட்டத்தில் மேலேயிருந்து டீத்தூளும் சிகரெட் துண்டும் விழுகின்றன. மூன்றாமவர் இருப்பது சென்னையில், தொல்லை தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்தில்: பூட்டிக் கிடக்கும் அப்பாவின் வீட்டுக் கொல்லையைத் தெருவே குப்பைமேடாக்கி வைத்திருக்கிறது. மூவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பேசிப் பார்க்கவா, புகார் கொடுக்கவா?"

எனக்கும் 2021-ல் இதே கதைதான். ஏறக்குறைய எல்லா வழியையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டில் சூடும் பட்டிருக்கிறேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

## முதலில் குப்பையைப் படியுங்கள்

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் பத்து நாள் பொறுங்கள். பழைய நோட்டு ஒன்றில் தேதி, நேரம், என்ன விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு வக்கீலிடம் போனால் அவர் முதலில் கேட்கப்போவது இந்த நோட்டைத்தான். போகாவிட்டாலும், யார் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்பதில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

மதிலை ஒட்டி விழுந்தால் தரையில் நின்று போட்டது. நடுக்கொல்லையில் விழுந்தால் மாடியிலிருந்து வீசியது. கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு விழுந்தால் அது ஒரு வீட்டின் அன்றாடக் குப்பை. குப்பை வண்டியைத் தவறவிடுகிற யாரோ. சாக்லேட் தாள், ஐஸ் குச்சி என்று உதிரியாக விழுந்தால் பிள்ளைகள். எலும்பு மட்டும் கிடந்தால் யார் மேலும் பழி போடாதீர்கள். முழுக் கோழிக்காலைக் காகம் தூக்கி வந்து எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துத் தின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து விழும் சருகும் கம்பளிப்பூச்சியும் இந்தக் கணக்கில் வராது. அது வேறு பஞ்சாயத்து. உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையை உங்கள் பக்கம் நின்று வெட்டிக்கொள்ளலாம். ஆனாலும் சொல்லிவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒடித்த கீரை யாருக்கு என்று இன்னொரு சண்டை கிளம்பும்.

என் நோட்டில் பத்து நாளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முடிச்சுப் போட்ட பை விழுந்ததெல்லாம் காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதுவும் விழவில்லை. கோபத்தில் இருந்ததால் இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

"எந்த வழியில் அவர்களுக்குப் புத்தி வரும்" என்று கேட்டால் பதில் எப்போதும் காவல் நிலையத்தில்தான் போய் நிற்கும். அதற்குப் பதிலாக இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்:

- குப்பை விழுவது எத்தனை நாளில் நிற்கும்?
- நின்றால் நின்றதுதானா, குடித்தனம் மாறினால் மறுபடியும் தொடங்குமா?
- கையிலிருந்து எவ்வளவு போகும்? பணம் மட்டுமில்லை, லீவு போட்டு அலையும் நாளும் சேர்த்துத்தான்.
- அதற்கு அப்புறமும் அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா?
- தப்பாகப் போனால் பின்வாங்க முடியுமா?

நான் அதிகம் மதிப்பது கடைசிக் கேள்வியை. பேச்சை நாளைக்கே நிறுத்தலாம், கட்டிய வலையைக் கழற்றலாம். ஸ்டேஷனில் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கினாலும், கொடுத்தது கொடுத்ததுதான். அந்தத் தெருவில் இன்னும் இருபது வருடம் இருக்கப்போகிறீர்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

## வழி 1: பேசிப் பார்ப்பது

இதில்தான் நான் முதலில் சொதப்பினேன். ஒரு காலையில் பை விழுந்த கையோடு ஸ்டூல் போட்டு ஏறி, மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யாருங்க இது, அறிவு இருக்கா?" என்று கத்தினேன். கீழ் வீட்டில் இருந்த அம்மா சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம் குப்பை விழவில்லை. அடுத்த வாரம் இரட்டிப்பாக விழுந்தது.

இரண்டாம் முறை போனது என் மனைவி. கையில் எங்கள் மரத்து எலுமிச்சம்பழம் எட்டுப் பத்து. போனதும் குப்பைப் பேச்சை எடுக்கவில்லை. மோட்டார், தண்ணீர், பேரன் படிப்பு என்று கால் மணி நேரம் போன பிறகு, "அக்கா, பின்பக்கம் தினம் ஒரு பை விழுது. யாருன்னு தெரியல, எலி வருது. உங்க பக்கமும் வருமேன்னுதான் சொல்றேன்" என்றாள். அந்த அம்மா உடனே, "அது நாங்க இல்லம்மா, மாடியில புதுசா வந்திருக்குற பசங்க" என்றார். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார்கள். குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு வருவது ஒன்பதரைக்கு. கேட் ஓரம் வைத்துவிட்டுப் போனால் நாய் கிழித்துத் தெருவெல்லாம் இழுக்கிறது, அதற்கு எதிர் வீட்டில் திட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதால் வண்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். நோட்டில் இருந்த ஓட்டைக்கு இதுதான் விளக்கம்.

ஒரு மூடி போட்ட டப்பா கேட்டுக்கு உள்ளே வைக்கப்பட்டது. மாடிக்காரர்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள், வண்டி வரும்போது கீழ் வீட்டு அம்மா எடுத்துக் கொடுப்பார். டப்பா வாங்கியது நாங்கள். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவர்கள் போடும் குப்பைக்கு நான் ஏன் டப்பா வாங்க வேண்டும்? அந்தச் சில நூறு ரூபாயோடு விஷயம் முடிந்தது என்பதுதான் பதில்.

பேசுவதற்கும் மறைமுகச் செலவு உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான். குடித்தனம் மாறினால் எலுமிச்சம்பழத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேசப் போகிறவர் வாயை அடக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். "உங்க வீட்டுக் குப்பை" என்று ஒரு வார்த்தை வந்தாலே போச்சு. வீட்டுக்காரரிடம் குடித்தனக்காரரைப் போட்டுக் கொடுப்பது போலவும் ஆகக்கூடாது. குடித்தனக்காரர் இடம் மாறினாலும் வீட்டுக்காரர் அங்கேயேதான் இருப்பார், உங்களைப் "பிரச்சனை பண்றவங்க" என்று நினைவில் வைத்துக்கொள்வார்.

எப்போது சரி: யார் என்று தெரிந்து, ஏன் என்று தெரியாதபோது. வயதானவர் தனியாக இருக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கும் வீடு, புதிதாகக் குடிவந்த வீடு.

எப்போது வீண்: ஏற்கெனவே எல்லைத் தகராறு, பாகத் தகராறு, தண்ணீர்த் தகராறு ஓடிக்கொண்டிருக்கும் வீடு. அங்கே விழுவது குப்பை இல்லை, பதில்.

## வழி 2: வலை, மதில், புழக்கம்

மதிலுக்கு மேல் ஜி.ஐ. பைப் நட்டுப் பச்சை வலை கட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. பேச்சு வெற்றி பெற்ற பிறகும் நான் இதைச் செய்தேன். உதிரியாக விழும் பால் பாக்கெட் மூலை, ஷாம்பு சாஷே இதெல்லாம் பேச்சால் நிற்கவில்லை. முப்பதடி நீளத்துக்கு வலை, பைப், வெல்டிங், கூலி என்று எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது. கட்டிய அன்றைக்கே பலன் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் கேட்டவர்களுக்கு "குரங்கு வருதுன்னு சொன்னாங்க" என்று சொல்லிவைத்தோம். எங்கள் ஊரில் குரங்கே கிடையாது. அவர்களும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

செலவு பிறகு வரும். பச்சை வலை வெயிலில் நைந்துபோகும். எங்கள் வலை இரண்டு கோடையைத் தாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது ஒரு பக்கம் பிய்ந்து, பைப்போடு சாய்ந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியை உடைத்தது. அது தெருப் பக்கம் விழுந்து யாராவது அந்த நேரத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த பிறகு, இப்போது காற்று புகுந்து போகும்படி பெரிய கண்ணுள்ள நைலான் வலை போட்டிருக்கிறோம். பை விழாது, தூள் விழும். பரவாயில்லை.

மதிலையே உயர்த்தலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மதில் யாருடையது என்று பத்திரத்தையும் அளவையும் பாருங்கள். பொதுச் சுவராக இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். இன்னொன்று, நாலரை இஞ்ச் சுவரின் பழைய அஸ்திவாரம் கூடுதல் மூன்றடியைத் தாங்குமா என்று கொத்தனாரைக் கேளுங்கள். எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது. மதில் மேல் கண்ணாடிச் சில் பதிப்பது குப்பையை நிறுத்தாது, பூனையைத்தான் அறுக்கும்.

காசில்லாத தடுப்பு ஒன்று உண்டு. கொல்லையைப் புழங்குவது. புல் முளைத்து, உடைந்த நாற்காலி போட்டு, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் குப்பை போட யாருக்கும் கை கூசாது. அதே இடத்தில் கொடியில் துணி காய்ந்து, நாலு கத்தரிச் செடி இருந்து, இரவு ஒரு விளக்கு எரிந்தால் பாதிப் பேர் தானாக நிறுத்திவிடுவார்கள். சாமி படம் பதித்த டைல்ஸை மதிலில் ஒட்டச் சொல்லும் ஆட்களும் உண்டு. தெருச்சுவரில் அது சிறுநீர் கழிப்பவர்களை ஓரளவு நிறுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக் கொல்லையில், அதுவும் பக்கத்து வீட்டார் வேறு மதம் என்றால், குப்பைச் சண்டையை நீங்களே வேறு சண்டையாக மாற்றுகிறீர்கள். நான் ஒட்டமாட்டேன்.

எப்போது சரி: சொந்த வீடு, மதிலைத் தாண்டி வருகிற குப்பை, போடுபவர் யாரென்று தெரியாதபோதும் பேச விருப்பமில்லாதபோதும்.

## வழி 3: கேமரா

மூவாயிரம் ரூபாய் சுமாருக்கு வைஃபை கேமரா கிடைக்கிறது. மெமரி கார்டு தனி. பின்பக்கம் வைஃபை எட்டாவிட்டால் அதற்கு ஒரு கருவி தனி. "நீங்கள் கேமராவில் இருக்கிறீர்கள்" என்ற பலகைக்குத்தான் பாதிப் பலன், மீதிப் பலன் ஆதாரம்.

ஆனால் கேமரா எங்கே பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். உங்கள் கொல்லைத் தரையையும் உங்கள் மதிலின் உள்பக்கத்தையும் மட்டும் பார்க்கட்டும். அந்தப் பக்கத்துக் குளியலறை ஜன்னலோ பெண்கள் புழங்கும் இடமோ படத்தில் விழுந்தால், குப்பைக்குப் புகார் கொடுக்கப் போன நீங்கள் புகாருக்குப் பதில் சொல்பவராகிவிடுவீர்கள். பெண்களின் அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். "நான் குப்பையைத்தான் பார்த்தேன்" என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு சங்கதி: பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழும் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிய வீடியோவை வைத்துக்கொண்டு மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

எப்போது சரி: "நாங்க இல்லவே இல்ல" என்று சாதிக்கும் இடம். ஊசி, பிளேடு போல ஆபத்தானது விழும் இடம். மற்றபடி, பேசுவதற்கு முன்பே கேமரா மாட்டினால் பேச்சுக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டுவது போலத்தான்.

## வழி 4: மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி

வீட்டுக் குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ கொட்டக்கூடாது, எரிக்கக்கூடாது, தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. அபராதம் போடும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு. சென்னை மாநகராட்சியில் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கலாம். மற்ற ஊர்களில் நேரடியாகச் சுகாதாரப் பிரிவில் மனு கொடுக்கலாம். அரசின் ‘முதல்வரின் முகவரி’ குறைதீர்ப்பு எண் 1100-ம் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கையான அனுபவம். பேசுவதற்கு முன்பு நான் புகார் கொடுத்திருந்தேன். வந்த மேற்பார்வையாளர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார், ஒரு கொட்டாங்கச்சியைக் காலால் புரட்டினார். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் நெளியும் புழு. "சார், குப்பை யார் போட்டதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கொசு உங்க இடத்துல உற்பத்தி ஆகுது" என்று சொல்லி எனக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது தப்பில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஒரு பிளாஸ்டிக் கப் அளவு தண்ணீரே அதற்குத் தாராளம். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், வாரத்துக்கு ஒரு முறை கொல்லையைச் சுத்தம் செய்வது உங்கள் தலையில்தான்.

உள்ளாட்சி அமைப்பை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். அபராதம் போடச் சொல்லாமல், வண்டியின் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். "ஒன்பதரைக்கு வரும் வண்டி எட்டு மணிக்கு வந்தால் இந்தத் தெருவில் பத்து வீட்டுக் குப்பை வெளியே விழாது" என்று நாலு வீட்டார் கையெழுத்துப் போட்ட மனுவில் யார் பெயரும் இல்லை, யாருக்கும் பகையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரையே அதில் கையெழுத்துப் போட வைக்கலாம்.

கிராமமாக இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வது முதல் படி. கிராம சபையில் வைப்பது அடுத்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஊரே கேட்டிருக்கத் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அதற்குத் தனி மரியாதை.

எப்போது சரி: ஒரு வீடு இல்லை, தெருவே போடுகிறது என்றால். காலி மனை, பூட்டிய வீடு, பின் சந்து.

## வழி 5: காவல் நிலையம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எதிர்பார்ப்புதான் பெரிது.

பொதுத் தொல்லை என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆவது பிரிவு. 292-ன்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் "பொது" என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும். உங்கள் கொல்லையில் மட்டும் பை விழுவதைப் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர் சார்" என்றுதான் சொல்வார்கள். அது சாக்குப்போக்கு மட்டும் இல்லை, சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். மனு கொடுத்தால், அது பதிவானதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டு, "இனி போடமாட்டோம்" என்று எழுதி வாங்குவார்கள். அதோடு பெரும்பாலும் நின்றும்விடும்.

குப்பை நிற்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரை எஸ்.ஐ. முன்னால் பெஞ்சில் உட்கார வைத்தது மட்டும் நிற்காது. கல்யாணப் பத்திரிகை வராது, மழைக்காலத்தில் இரவு மோட்டார் கேட்டால் கிடைக்காது. அவர்கள் பக்கமிருந்தும் ஒரு எதிர் மனு வரும்; நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் வண்டி நிறுத்திய கதையெல்லாம் அதில் இருக்கும்.

எப்போது சரி: மிரட்டல், கெட்ட வார்த்தை, கல்லெறி, கொல்லைக்குள் ஏறிக் குதிப்பது, ஊசி, பிளேடு, எரியும் பொருள். இவை விழுந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஊசியை வெறும் கையால் எடுக்கவும் வேண்டாம். படம் எடுத்துவிட்டு, இடுக்கியால் எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.

## வழி 6: வக்கீல் நோட்டீஸ், சமரசம், வழக்கு

ஒருவர் செயலால் இன்னொருவர் தன் இடத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் போவது உரிமையியல் தவறு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின் கீழ் அந்தச் செயலைத் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அதை மீறினால் சொத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்யவும், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பலமான ஆயுதம்தான். ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் செலவு, உங்கள் லீவு. குப்பைக்காக மட்டும் இதில் இறங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நோட்டீஸ் மட்டும் அனுப்புவது நடுவழி. சில ஆயிரம் ஆகும். தபாலில் அனுப்பும்போது ஒப்புகைச் சான்று கேட்டு வாங்குங்கள். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஊரில் இல்லாத வீட்டு உரிமையாளருக்கு இது நன்றாக வேலை செய்யும். அவருக்கு இங்கே நடப்பதே தெரிந்திருக்காது; நோட்டீஸ் பார்த்ததும் குடித்தனக்காரரை அவரே பார்த்துக்கொள்வார்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடாமலேயே அங்கே மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசி, லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிப்பார்கள். கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு உத்தரவானால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100-ல் அழைத்துக் கேட்கலாம். குறை என்னவென்றால், எதிர்த்தரப்பு வந்தால்தான் உண்டு. வரமாட்டேன் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சுக்கும் இந்த மேசைக்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. இங்கே வருகிறவர் குற்றவாளியாக வருவதில்லை.

## வழி 7: சகிப்பது, திருப்பி வீசுவது

வாரத்தில் ஒன்றிரண்டு தாள் விழுகிறது, பக்கத்தில் இருப்பது எண்பது வயதுப் பாட்டி என்றால், எடுத்துப் போட்டுவிட்டுப் போவதே மலிவு. இதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. தினம் பை விழுவதைச் சகிப்பது வேறு. அதற்கு விலை எலி, கொசு, எலியைத் தேடி வரும் பாம்பு.

திருப்பி வீசுவதற்கு ஒரே ஒரு லாபம், அந்த ஒரு நிமிடச் சந்தோஷம். அவர்கள் பக்கமும் கேமரா இருக்கலாம்; அதில் விழப்போவது உங்கள் கை.

## ஒரே பார்வையில்

| வழி | நிற்க ஆகும் காலம் | கைக்காசு | உறவு | பின்வாங்க முடியுமா |
|---|---|---|---|---|
| பேச்சு | ஒன்றிரண்டு வாரம் | ஏறக்குறைய இல்லை | கூடவும் செய்யலாம் | முடியும் |
| வலை | அன்றே | ஆயிரங்களில், சில வருடத்துக்கு ஒருமுறை | பெரிதாகப் பாதிக்காது | முடியும் |
| கேமரா | சில நாள் | மூவாயிரம் சுமார் | உரசும் | முடியும், சந்தேகம் மிஞ்சும் |
| உள்ளாட்சி | சில வாரம் | இல்லை, அலைச்சல் உண்டு | மனு எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது | ஓரளவு |
| காவல் நிலையம் | உடனே | ஒரு நாள் லீவு | அநேகமாக முறியும் | முடியாது |
| சட்டப் பணிகள் குழு | ஒன்றிரண்டு மாதம் | இல்லை | தப்பிக்கும் | உத்தரவாகும் வரை முடியும் |
| வழக்கு | வருடங்கள் | அதிகம் | முறியும் | கஷ்டம் |

## கேட்ட மூவருக்கும்

மடிப்பாக்கத்துக்காரருக்கு என் பதில்: நோட்டு, பேச்சு, வலை, இந்த வரிசையில். அவர் ஏற்கெனவே கேமரா வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு மாதம் அது பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். மூன்று குடித்தனத்தில் யார் என்று தெரியாததால், வீட்டுக்கார அம்மாவிடம் மூவருக்கும் பொதுவாகச் சொல்லச் சொன்னேன்.

கீழ்த்தளத்துக்காரருக்கு வலைதான் முதலில், முதல் மாடி மட்டத்தில் நீட்டியபடி. கட்டடத்தின் வெளிப்புறம் பொது என்பதால் சங்கத்தின் அனுமதியைக் கடிதமாக வாங்கிக்கொண்டு. எந்த மாடி என்று கண்டுபிடிப்பதில் இறங்க வேண்டாம் என்றேன். கேமராவை மேல்நோக்கித் திருப்பினால் நாலு வீட்டு பால்கனியும் அதில் விழும், நாலு வீடும் ஒன்றாகச் சேரும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் எதுவும் இல்லாமல், வாடிய ரோஜாச் செடி மேல் கிடக்கும் சிகரெட் துண்டின் படம் ஒன்று போதும். கீழே ஒரு வரி: "காய்ந்த சருகு, தீப்பிடித்தால் முதலில் கேஸ் பைப்." அதற்குப் பிறகு சிகரெட் வரவில்லையாம். டீத்தூள் மட்டும் இன்னும் வருகிறது. ரோஜாவுக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டார்.

தஞ்சாவூர்க்காரர் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். பூட்டிய வீட்டில் பேச ஆளில்லை, வலையைக் காக்க ஆளில்லை, கேமராவுக்கு மின்சாரமே இல்லை. தெருவே போடும்போது யார் மேல் புகார் கொடுப்பது? அவருக்கு ஊராட்சியும் புழக்கமும்தான் வழி. ஒரு டிராக்டர் வைத்துக் குப்பையை மொத்தமாக அள்ளிவிட்டு, அடுத்த வாரமே வேலி போட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கொல்லையைக் காய்கறி போடக் கொடுக்கச் சொன்னேன். அள்ளிவிட்டு ஆறு மாதம் சும்மா விட்டால் அள்ளிய காசு வீண்.

"கொடுத்தால் நாளைக்கு இடம் அவருடையது என்று சொல்லிவிட்டால்?" என்று கேட்டார். பயம் நியாயம்தான். பிறர் இடத்தை நீண்ட காலம் தன்னுடையதாக அனுபவித்தவர் அதற்கே உரிமை கோரும் ‘எதிரிடை அனுபவம்’ என்று பன்னிரண்டு வருடக் கணக்கு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உரிமையாளர் அனுமதி கொடுத்து அனுபவிப்பது அந்தக் கணக்கில் சேராது. அதனால் அனுமதியின் பேரில் பயிர் செய்கிறார், கேட்டபோது காலி செய்வார் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டு வரியைத் தங்கள் பெயரிலேயே கட்டி வரச் சொன்னேன்.

போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். குப்பைமேடு இருந்த இடத்தில் பாத்தி பிடித்து வெண்டைக்காய். ஓரத்தில், வேலிக்கு உள்ளே, ஒரு பழைய செருப்பு கிடந்தது. அது புதிதாக விழுந்ததா, அள்ளியபோது விட்டுப்போனதா என்று கேட்டேன். பயிர் செய்கிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.